பிரபஞ்சத்தின் முடிவுக்குப் புள்ளித்திட்டம் இல்லை

2025 மார்ச் மாதம் 'டெசி' ஆய்வுக்குழு தன்னுடைய முதல் மூன்று வருடத் தரவுகளில் இருந்து கிடைத்த முடிவுகளை வெளியிட்டது. அமெரிக்காவின் அரிசோனாவில், கிற் பீக் மலையில் இருக்கிற 4 மீற்றர் தொலைநோக்கியில், 5,000 ஒளியிழைகளை 5,000 குட்டி ரோபோக்கள் திருப்பித் திருப்பி ஒவ்வொரு கலக்சிக்கும் நேரே பிடிக்கிற கருவி அது. ஏறத்தாழ 15 மில்லியன் கலக்சிகளையும் குவேசார்களையும் அளந்துவிட்டு அவர்கள் சொன்னது இவ்வளவுதான்: பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்துகிற இருண்ட சக்தி காலப்போக்கில் பலவீனப்பட்டு வருவதுபோலத் தெரிகிறது, உறுதியாகச் சொல்ல இன்னும் தரவு வேண்டும்.

"போல", "தெரிகிறது", "இன்னும்". இந்த மூன்று சொல்லும் தமிழுக்கு வந்து சேரேல்லை. வந்து சேர்ந்தது என்ன? சிவப்பு அம்புக்குறி போட்ட படங்கள். பிரபஞ்சம் சுருங்கி அழியப் போகுது, ஐன்ஸ்ரைன் பிழை, விஞ்ஞானிகள் அதிர்ச்சி. விஞ்ஞானிகள் ஏன் எப்ப பார்த்தாலும் அதிர்ச்சி அடைகிறார்கள் எண்டு எங்களுக்கு விளங்கவே இல்லை. இரத்த அழுத்தம் என்னத்துக்கு ஆகும்?

அதற்குப் பின்னால் வழமையான இரண்டு குரல்கள். ஒன்று: "இதை எங்கட முன்னோர் அப்பவே சொல்லிப்போட்டினம்." மற்றது: "நேற்று ஒன்று சொல்லுறாங்கள், இன்றைக்கு ஒன்று சொல்லுறாங்கள், இவங்களுக்கே ஒன்றும் தெரியாது." கேட்க எதிரும் புதிருமாக இருந்தாலும் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். இரண்டுக்கும் உறுதியான ஒரு விடை வேணும். ஒருத்தருக்கு அது பழைய ஏட்டில் இருக்கு. மற்றவருக்கு அது கிடைக்காத கோபம். விடை இல்லாமல் ஒரு கேள்வியோடு கொஞ்ச நேரம் இருந்து பார்க்க இரண்டு பேருக்கும் ஏலாது.

இந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது எண்டு தேட அதிக தூரம் போகத் தேவையில்லை. கேள்விக்கு ஒரு விடை, விடைக்கு ஒரு புள்ளித்திட்டம், அதில் இல்லாத வசனத்துக்குப் புள்ளி இல்லை. பதின்மூன்று வருடம் இப்படிப் படித்து வெளியே வாற ஒருத்தருக்கு, ஒரே தரவைப் பார்த்துவிட்டு இரண்டு கெட்டிக்கார ஆய்வாளர்கள் வேறு வேறு முடிவுக்கு வரலாம் எண்டது ஊழல் மாதிரித்தான் தெரியும். ரியூசன் சேர் குழம்பினால் அவர் சரியில்லாத சேர். ஆகவே விஞ்ஞானம் குழம்பினால் அது சரியில்லாத விஞ்ஞானம்.

சரி, பிரபஞ்சத்தின் கதையையே எடுத்துப் பார்ப்பம். அதில் குழம்பாத ஆள் ஆர்?

1917 இல் ஐன்ஸ்ரைன் தன்னுடைய சமன்பாடுகளைப் பிரபஞ்சம் முழுவதற்கும் போட்டுப் பார்த்தார். பிரபஞ்சம் அசையாமல் நிற்கிறது எண்டது அவருடைய நம்பிக்கை. சமன்பாடு நிற்க விடவில்லை. அதனால் அண்டவியல் மாறிலி எண்டு ஒரு உறுப்பைச் சேர்த்து நிறுத்தினார். 1922 இல் ரஷ்யாவின் அலெக்சாண்டர் பிரீட்மன், அதே சமன்பாடுகளில் விரிகிற பிரபஞ்சமும் சுருங்குகிற பிரபஞ்சமும் வரும் எண்டு கணக்குச் செய்து காட்டினார். ஐன்ஸ்ரைன் அதே ஆய்விதழில் "கணக்குப் பிழை" எண்டு குறிப்பு எழுதினார். அடுத்த வருடம், 1923 இல், "பிழை என்னுடையது, பிரீட்மனின் கணக்குச் சரி" எண்டு இன்னொரு குறிப்பையும் அதே இதழில் எழுதினார். உலகத்தின் மிகப் பிரபலமான பௌதிகவியலாளர், ஊர்பேர் தெரியாத ஒருத்தரிடம், அச்சில் தோற்றுப்போய் நிற்கிறார். எங்கட ஊரில் ஒரு பேராசிரியரோ ஒரு கட்டுரையாளரோ இப்படி ஒரு நாலு வரி எழுதி நீங்கள் வாசித்திருக்கிறீங்களா? பிரீட்மன் 1925 இல் 37 வயதில் இறந்துபோனார். பிரபஞ்சம் உண்மையிலேயே விரிகிறது எண்டதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

1927 இல் பெல்ஜியத்தின் ஜோர்ஜ் லெமேத்ர் அதே இடத்துக்கு வேறு வழியால் வந்து சேர்ந்தார். ஆனால் அவர் கணக்கோடு நிற்கவில்லை. கலக்சிகளின் செம்பெயர்ச்சியையும் தூரத்தையும் ஒன்றுக்குப் பக்கத்தில் மற்றதை வைத்து, விரிவின் வீதத்தையும் மதிப்பிட்டார். ஐன்ஸ்ரைன் அவரிடம் கணக்குச் சரி, பௌதிகம் சகிக்கேல்லை எண்ட மாதிரிச் சொன்னதாக லெமேத்ர் பிறகு நினைவுகூர்ந்தார். 1929 இல் எட்வின் ஹபிள் 24 கலக்சிகளை வைத்து அதே தொடர்பை அவதானமாகக் காட்டிய பிறகுதான் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தூரங்களை அளக்க உதவிய அளவுகோலைக் கண்டுபிடித்தவர் ஹென்ரியெற்றா லெவிற். ஹாவர்ட் அவதான நிலையத்தில் மணித்தியாலத்துக்கு 30 சதத்துக்குப் புகைப்படத் தட்டுகளில் நட்சத்திரம் எண்ணின பெண். அவருடைய பெயரை இந்தக் கதையில் எல்லாரும் கடைசியாகத்தான் சொல்லுவினம். நாங்களும் இப்பதான் சொல்லுறம்.

இந்த லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். இதைச் சொல்லக் காரணம் இருக்கு. 1951 நவம்பரில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது எண்ட விஞ்ஞானம், படைப்பைப் பற்றிய வேதத்துக்குச் சாட்சி எண்ட பொருளில் உரையாற்றினார். ஆகச் சந்தோசப்பட வேண்டிய ஆள் லெமேத்ர்தான். அவருக்கு அது பிடிக்கவில்லை. தன்னுடைய கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிற ஒன்று, கடவுளை நம்புறவனுக்கும் நம்பாதவனுக்கும் அது ஒன்றுதான் எண்டதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார். நாளைக்கு அந்தக் கோட்பாடு பிழைத்துப்போனால் கடவுளும் சேர்ந்து பிழைப்பாரா? பாதிரியாருக்கு விளங்கினது எங்கட வட்ஸ்அப் மாமாமாருக்கு விளங்குதில்லை.

திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் வாற ஒரேயொரு வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, மாணிக்கவாசகருக்கு ஹபிள் விதி தெரியும் எண்டு பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். குர்ஆனின் 51 ஆவது அத்தியாயத்து வசனம் ஒன்றுக்கும் இதே கதிதான். எல்லாப் பக்கத்திலும் இது நடக்குது. எங்களுக்கு இதில் இரண்டு கோபம். விஞ்ஞானத்துக்கு நடக்கிற அநியாயம் ஒன்று. அது எல்லாருக்கும் தெரிந்தது. அந்தப் பாட்டுக்கு நடக்கிற அநியாயத்தைப் பற்றித்தான் ஒருத்தரும் கதைக்கிறதில்லை. கோடிக்கணக்கான அண்டங்களும் ஒருவனுக்கு முன்னால், வீட்டுக்குள் நுழைகிற வெயில் கீற்றில் மிதக்கிற தூசு மாதிரி எண்டு காட்டுகிற பாட்டு அது. அந்தக் காட்சியைக் கண்ட ஒரு மனத்தை, செம்பெயர்ச்சி அளந்த ஆள் எண்டு நிரூபிக்கத் தேவையில்லை. அப்படி நிரூபிக்க வெளிக்கிடுறவர்கள் பாட்டை வாசிக்கேல்லை எண்டுதான் நாங்கள் நினைக்கிறம். இன்னொரு சின்னக் கேள்வி: முன்னோருக்கு எல்லாம் தெரியும் எண்டால், இருண்ட சக்தி பலவீனப்படுதா இல்லையா? இப்பவே சொல்லுங்கோ. டெசி முடிவு வந்த பிறகு சொல்லாதேங்கோ.

இனி மற்றக் கூட்டம். "மாறி மாறிச் சொல்லுறாங்கள்." ஓம், சொல்லுறாங்கள். ஹபிள் முதலில் போட்ட விரிவு வீதம் ஒரு மெகாபார்செக்குக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர். ஒரு மெகாபார்செக் என்பது 3.26 மில்லியன் ஒளியாண்டு. அதை வைத்துப் பின்னோக்கி ஓட்டினால் பிரபஞ்சத்தின் வயது 2 பில்லியன் வருடம் வருது. பூமியின் பாறைகள் அதைவிட வயது கூடினவை. பிள்ளை தாயைவிட மூத்தது! இந்த வெட்கக்கேட்டை மூடி மறைக்கவில்லை; எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இருபது வருடத்துக்கு மேல் மேசையில் கிடந்தது. 1952 இல் வோல்ற்றர் பாடே, தூரம் அளக்கப் பாவித்த செபீட் நட்சத்திரங்களில் இரண்டு வகை இருக்கு, நாங்கள் இரண்டையும் கலந்துபோட்டம் எண்டு காட்டினார். பிரபஞ்சத்தின் அளவும் வயதும் ஒரேயடியாக இரண்டு மடங்கானது.

அந்த இடைவெளிக்குள்தான் பிரெட் ஹொயில், ஹேர்மன் பொண்டி, தோமஸ் கோல்ட் மூன்று பேரும் 1948 இல் நிலையான நிலைக் கோட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். பிரபஞ்சம் விரியும், இடைவெளியில் புதுச் சடப்பொருள் பிறந்துகொண்டே இருக்கும், தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை. 'பிக் பாங்' எண்ட பெயரே 1949 இல் பிபிசி வானொலியில் ஹொயில் எதிர்க்கோட்பாட்டுக்கு வைத்ததுதான். ஹொயில் மடையன் இல்லை. எங்கட உடம்பில் இருக்கிற காபன் நட்சத்திரங்களுக்குள் எப்படிச் சமைந்தது எண்டு காட்டியவர்களில் அவர் முக்கியமான ஆள். அவரோடு வேலை செய்தவர்கள் ஜயந்த் நார்லிகரும், கொழும்பில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்கவும். ஆனால் 1965 இல் பென்சியாசும் வில்சனும் வானத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி வருகிற நுண்ணலை இரைச்சலை அறிவித்த பிறகு, கெட்டித்தனம் உதவவில்லை. முன்பு ஒருகாலத்தில் பிரபஞ்சம் அடர்த்தியாகவும் சூடாகவும் இருந்தது எண்டதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. ஹொயில் 2001 இல் சாகும்வரை ஏற்றுக்கொள்ளவில்லை. அது அவருடைய உரிமை. மற்றவர்கள் தரவோடு போனார்கள்.

1998 இல் எல்லாருமே பிழைத்தார்கள். விரிவு ஈர்ப்பினால் எவ்வளவு வேகமாகக் குறையுது எண்டு அளக்க இரண்டு குழுக்கள் வெளிக்கிட்டன. தூரத்துச் சுப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. விரிவு குறையேல்லை, கூடுது. 2011 இல் பேள்மற்றர், சிமிட், றீஸ் மூன்று பேருக்கும் நோபல் பரிசு. ஐன்ஸ்ரைன் தூக்கி எறிந்த அண்டவியல் மாறிலி இருண்ட சக்தி எண்ட பெயரில் பின்கதவால் உள்ளே வந்தது. இன்றைய கணக்கில் பிரபஞ்சத்தில் அது ஏறத்தாழ 68 வீதம், இருண்ட சடப்பொருள் 27 வீதம். நீங்களும் நாங்களும் நட்சத்திரங்களும் எல்லாம் சேர்ந்து மிச்சம் 5.

முடிவு எப்படி இருக்கும் எண்டது இந்த 68 வீதத்தின் குணத்தில் தொங்குது. அது உண்மையிலேயே மாறிலி எண்டால் விரிவு நிற்காது. ஏறத்தாழ 100 டிரில்லியன் வருடத்தில் புது நட்சத்திரம் பிறக்கிறது நின்றுபோகும். ஆகப் பெரிய கருந்துளைகள் ஆவியாகி முடிய, 1 க்குப் பின்னால் 100 பூச்சியம் போட்ட வருடக்கணக்கு. குளிர், இருட்டு, ஒன்றும் நடக்காத ஒரு நீட்சி. அது காலத்தோடு கூடிக்கொண்டு போனால் கடைசியில் அணுக்களே கிழியும். குறைந்து, குறிமாறி, இழுக்கத் தொடங்கினால் எல்லாம் திரும்பி வந்து நசுங்கும். 2025 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் ஹென்றி டை உள்ளிட்ட மூன்று பேர், டெசி தரவுகளையும் தங்கட ஒரு மாதிரியையும் பொருத்தி, பிரபஞ்சத்தின் முழு ஆயுள் ஏறத்தாழ 33 பில்லியன் வருடம் எண்டு கணக்குக் கொடுத்தார்கள். அந்த மாதிரி சரியாக இருந்தால், தரவு இப்படியே நின்றால் எண்ட இரண்டு "ஆல்"களோடு கொடுத்த கணக்கு. தமிழில் "ஆல்" விழுந்து, 33 பில்லியன் மட்டும் மிஞ்சினது.

டெசி எப்படி அளக்குது எண்டு சொல்லாமல் இதைக் கதைக்கிறதும் பிழை. குழந்தைப் பருவத்தில் பிரபஞ்சம் கொதிக்கிற கஞ்சி மாதிரி இருந்தது. அதற்குள் ஒலியலைகள் ஓடின. 380,000 வருடமளவில் அது குளிர்ந்தபோது அந்த அலைகள் உறைந்துபோயின. அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கு: கலக்சிகள் ஒன்றிலிருந்து ஒன்று ஏறத்தாழ 490 மில்லியன் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது கொஞ்சம் கூடுதலாக நடக்குது. ஆக, வானத்தில் ஒரு அடிமட்டம். வேறு வேறு காலத்தில் அந்த அடிமட்டம் எவ்வளவு நீளமாகத் தெரியுது எண்டு பார்த்தால், விரிவின் வரலாறே வெளியில் வரும்.

வந்த வரலாறு மாறிலியோடு அவ்வளவாகப் பொருந்தேல்லை. எவ்வளவு பொருந்தேல்லை? எந்தச் சுப்பர்நோவாத் தொகுப்போடு சேர்த்துப் பார்க்கிறீர்கள் எண்டதைப் பொறுத்து 2.8 இலிருந்து 4.2 சிக்மா வரை. பௌதிகவியலில் கண்டுபிடிப்பு எண்டு சொல்ல 5 வேணும். இதைக் கிரிக்கெட்டில் சொல்லலாம். 2.8 எண்டால் ஒரு அணி நாணயச் சுழற்சியில் தொடர்ந்து 7, 8 தரம் தோற்கிற மாதிரி. 4.2 எண்டால் 15 தரம். 5 எண்டால் 21 தரமளவில். இப்ப கேளுங்கோ: டெசி முடிவு வந்த அதே 2025 மார்ச்சில், சம்பியன்ஸ் கிண்ண இறுதிப் போட்டியில் இந்திய அணி ஒருநாள் போட்டிகளில் தொடர்ச்சியாக 15 ஆவது தடவை நாணயச் சுழற்சியில் தோற்றது. நாணயத்தில் கள்ளம் எண்டு ஆராவது சொன்னார்களா? உலகத்தில் எத்தனையோ அணி, எத்தனையோ வருடம் விளையாடினால், எங்கேயோ ஒரு இடத்தில் இப்படி நடக்கும். பிரபஞ்சத்தை எத்தனையோ குழு எத்தனையோ விதமாக அளக்கேக்கையும் அப்படித்தான். 4.2 ஐக் கண்டு துள்ளாமல் இருக்கிறது கோழைத்தனமில்லை. கணக்குத் தெரிந்த ஆளின் நிதானம்.

துள்ளின ஆட்கள் பட்ட பாடும் இருக்கு. 2014 மார்ச்சில் 'பைசெப் 2' குழு, பிரபஞ்சத்தின் முதல் கணத்து ஈர்ப்பலைகளின் தடயத்தைக் கண்டுபிடித்ததாகப் பெரிய அறிவிப்புச் செய்தது. அடுத்த வருடத் தொடக்கத்தில் பிளாங்க் செய்மதித் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது, அவர்கள் கண்டதை எங்கட பால்வீதியின் தூசே விளக்கிவிட்டது.

இப்ப நடக்கிற சண்டைகள் இன்னும் சுவாரசியம். நுண்ணலைப் பின்னணியில் இருந்து கணக்குப் போட்டால் விரிவு வீதம் 67.4. கிட்டத்துக் கலக்சிகளை நேரடியாக அளந்தால், றீஸின் குழுவுக்கு 73 அளவில் வருது. வென்டி பிரீட்மனின் குழு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை வைத்து அளந்தால் 70 அளவில் வருது. மூன்று தரப்பும் ஒருத்தர் ஒருத்தருடைய வழுவைத் தேடித் தோண்டுகினம். 2025 நவம்பரில் தென் கொரியாவின் யொன்செய் பல்கலைக்கழகக் குழு, சுப்பர்நோவாக்களின் பிரகாசம் அவை பிறந்த நட்சத்திரங்களின் வயதைப் பொறுத்து மாறுது, அதைத் திருத்தினால் விரிவு இப்பவே குறையத் தொடங்கிவிட்டது எண்டு எழுதினது. சுப்பர்நோவாத் துறையில் பலர் அதை ஏற்கவில்லை. எங்களுக்குள்ளேயும் இரண்டு பேர் கொரியர் பக்கம், மிச்சப்பேர் இல்லை.

"நாட்டில் சோத்துக்கு வழியில்லை, நீங்கள் பிரபஞ்சம் கதைக்கிறியள்" எண்டு கேட்பவர்களுக்கு: கேகாலையை நினைவிருக்கா? 2020 டிசம்பரில், கொரோனாவுக்கு மருந்து எண்டு ஒரு பாணியை வாங்க ஆயிரக்கணக்கான சனம் நெருக்கியடித்து நின்றது. அன்றைய சுகாதார அமைச்சரே அதைக் குடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று வந்தது. அந்த நேரத்தில் வைத்தியர்கள் சொன்னது "இன்னும் பரிசோதிக்கவேணும்". பாணிக்காரர் சொன்னது "நிச்சயம்". சனம் நிச்சயத்தின் பக்கம் போய் நின்றது. "இன்னும்" எண்ட சொல்லைத் தோல்வியாகக் கேட்கப் பழக்கப்பட்ட காதுக்கு வேறு வழியில்லை. அந்தக் காதைத் திருத்த, ஒருத்தருக்கும் இலாபமோ நட்டமோ இல்லாத, ஒருத்தருடைய வாக்கும் தேவைப்படாத ஒரு கேள்வியில் தொடங்குவது சுகம். பிரபஞ்சத்தின் முடிவைவிட அதற்குத் தோதான கேள்வி எது?

அந்திரொமேடாவை எடுங்கோ. தை மாதத்தில், நிலவில்லாத முன்னிரவில், வெளிச்சமில்லாத வயல்வெளியில் நின்றால் வடமேற்குப் பக்கம் மங்கலான ஒரு பூச்சாகக் கண்ணுக்கே தெரியும். அந்த ஒளி வெளிக்கிட்டு 2.5 மில்லியன் வருடம். 4, 5 பில்லியன் வருடத்தில் அது எங்கட பால்வீதியோடு மோதும் எண்டு எத்தனை ஆவணப்படங்களில் பார்த்திருப்பீர்கள்! 2025 இல் வந்த ஆய்வு, பக்கத்துச் சின்னக் கலக்சிகளின் இழுவையையும் அளவீட்டு வழுக்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, அடுத்த 10 பில்லியன் வருடத்தில் மோதுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ அரைக்கரைவாசிதான் எண்டு சொல்லுது. எங்களுக்கு இந்த ஐம்பது வீதம் பழைய நூறு வீதத்தைவிடக் கூடின அறிவு. எதை அளந்தோம், எதை அளக்கேல்லை எண்ட கணக்கு அதற்குள் இருக்கு.

லோறன்ஸ் குரோசும் றொபேர்ட் ஷெரரும் 2007 இல் எழுதின ஒரு விசயம் எங்களை நித்திரை கொள்ள விடாதது. விரிவு இப்படியே வேகப்பட்டால், 100 பில்லியன் வருடமளவில் எங்கட உள்ளூர்க் கூட்டத்துக்கு வெளியே இருக்கிற கலக்சிகள் எல்லாம் பார்வையில் இருந்து மறைந்துவிடும். நுண்ணலைப் பின்னணியும் காணமுடியாத அளவுக்கு மங்கிப்போகும். அப்ப ஒரு வானியலாளர் இருந்தால், நல்ல தொலைநோக்கியோடு, நேர்மையான மனத்தோடு, பிரபஞ்சம் எண்டது அசையாத ஒரேயொரு நட்சத்திரத் தீவு எண்டு முடிவுக்கு வருவார். அவருடைய தரவுக்கு அதுதான் சரியான விடை. விரிவு நடந்ததற்குச் சாட்சி சொல்ல ஒரு கலக்சியும் மிஞ்சியிராது. சாட்சிகள் எல்லாம் வானத்தில் நிற்கிற காலத்தில் நாங்கள் இருக்கிறம். இருந்துகொண்டு சிவப்பு அம்புக்குறி பார்க்கிறம்.

டெசி இன்னும் அளந்துகொண்டிருக்கு. 2023 இல் ஏவப்பட்ட யூக்ளிட் செய்மதி படம் எடுத்துக்கொண்டிருக்கு. சிலியில் ரூபின் அவதான நிலையம் 2025 ஜூனில் தன்னுடைய முதல் படங்களை வெளியிட்டது. இன்னும் நாலைந்து வருடத்துக்குள் அந்த 4.2 ஒன்றில் 5 ஐத் தாண்டும், இல்லையெண்டால் கரைந்துபோகும். கரைந்துபோனால் அதையும் செய்தியாகத் தமிழில் எழுத ஆள் வேணும், நாங்கள் எழுதுவம். இதில் எங்களோடு முரண்படுறவர்கள், முக்கியமாகக் கொரியர் பக்கம் நிற்கிற அந்த இரண்டு பேரும், மறுப்பு எழுதுங்கோ. எத்தனை சிக்மா எண்டதை முதல் பந்தியிலேயே போட்டுவிடுங்கோ.